வீட்டு மரச்சாமான்களைத் துடைப்பதும் காப்பதும்: முழுமையான வழிகாட்டி

ஆயுத பூஜைக்கும் பொங்கலுக்கும் முந்தைய வாரத்தில்தான் நம் வீட்டு மரச்சாமான்கள் அதிகம் பாழாகின்றன. ஒட்டடை அடித்த கையோடு ஒரு வாளி சோப்புத் தண்ணீரை எடுத்துக் கட்டில், நாற்காலி, பூஜை அலமாரி எல்லாவற்றையும் கழுவிவிடுகிறோம். காய்ந்ததும் பளபளப்பு வரட்டும் என்று தேங்காய் எண்ணெய் தடவுகிறோம். இரண்டுமே மரத்துக்கு ஆகாது. தண்ணீர் மூட்டுகளுக்குள் இறங்கி மரத்தை உப்ப வைக்கும். எண்ணெய் காயாமல் கிடந்து ஆறு மாதத் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

நம் கை படுவது பெரும்பாலும் மரத்தின் மேல் இல்லை, அதன் மேல் ஏற்றிய பாலிஷின் மேல். அந்தப் பாலிஷ் எந்த வகை என்று தெரிந்துவிட்டால் எதனால் துடைக்கலாம், எதைக் கிட்டவே கொண்டுவரக் கூடாது என்பது தானாக விளங்கும். அதனால் பாலிஷிலிருந்தே தொடங்குவோம்.

முதல் வேலை: பாலிஷைக் கண்டுபிடிப்பது

தாத்தா காலத்துத் தேக்கு பீரோ, ஈட்டி மர மேசை, காரைக்குடிப் பக்கம் வீடுகளில் இருக்கும் பர்மா தேக்குச் சாமான்கள் போன்றவற்றில் பெரும்பாலும் அரக்குப் பாலிஷ்தான் இருக்கும். ஸ்பிரிட் பாலிஷ், பிரெஞ்ச் பாலிஷ் என்று சொல்வதும் இதையே. அரக்குப் பூச்சி மரக்கிளையில் சுரக்கும் பிசினைச் சுத்தம் செய்து, ஸ்பிரிட்டில் கரைத்து, துணிப்பொட்டலத்தால் அடுக்கடுக்காகத் தேய்த்து ஏற்றுவார்கள். இந்தப் பாலிஷின் ஆழமும் சூடான நிறமும் வேறு எதிலும் வராது. ஆனால் ஸ்பிரிட், சூடு, தேங்கிய தண்ணீர் மூன்றும் இதற்குப் பகை. கை கழுவும் சானிடைசர் ஒரு சொட்டு விழுந்தாலே தழும்பு விழும், அதில் இருப்பதும் ஆல்கஹால்தானே.

கடந்த சில பத்தாண்டுகளில் செய்த சாமான்களில் லேக்கர், மெலமைன், பியூ என்று சொல்லும் பாலியூரிதேன் பூச்சுகள் இருக்கும். இவை ஸ்பிரே அடித்து ஏற்றும் கெட்டியான படலங்கள். கதவு, ஜன்னலுக்கு வார்னிஷ். சில சாமான்களில் எண்ணெய் அல்லது மெழுகு மட்டும் இருக்கும். இன்றைய அடுக்குமாடி வீட்டு அலமாரிகளில் வெளியே தெரிவது மரமே இல்லாமலும் இருக்கலாம். பிளைவுட், மரத்தூளையும் மரநாரையும் பசையோடு அழுத்திச் செய்யும் பார்ட்டிக்கிள் போர்டு அல்லது எம்டிஎஃப் பலகை மேல் சன்மைக்காவோ, மெல்லிய மரத்தோலான வெனீரோ ஒட்டியிருப்பார்கள்.

கண்டுபிடிக்கும் வழி இது:

1. மேசையின் அடிப்பக்கம், இழுப்பறையின் பின்புறம், அலமாரிக் கதவின் விளிம்பு ஆகியவற்றை வெளிச்சத்தில் பாருங்கள். மேற்பரப்பில் ஓடும் ரேகை விளிம்பிலும் தொடர்ந்தால் முழு மரம். விளிம்பில் நீளமாகப் பட்டை ஒட்டியிருந்தால் பலகை. ஒரே ரேகை வடிவம் அச்சடித்தது மாதிரி திரும்பத் திரும்ப வந்தால் சன்மைக்கா.

2. கண்ணில் படாத ஓர் இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு ஐந்து நிமிடம் பொறுங்கள். முத்தாக நின்றால் மேலே படலம் இருக்கிறது. ஊறி இருண்டுபோனால் வெறும் மரம் அல்லது தேய்ந்துபோன எண்ணெய்ப் பூச்சு.

3. படலம் இருந்தால், காது குடையும் பஞ்சுக் குச்சியில் டீநேச்சர்டு ஸ்பிரிட்டை (குடிக்க முடியாதபடி மாற்றிய ஆல்கஹால்) தொட்டு அதே மறைவிடத்தில் மெல்லத் தேயுங்கள். சில நொடிகளில் பிசுபிசுத்துப் பஞ்சில் பழுப்பு நிறம் ஏறினால் அரக்குப் பாலிஷ். ஒன்றும் ஆகவில்லை என்றால் பெயின்ட் கடைத் தின்னரால் அதே சோதனை. அது இளகினால் லேக்கர். அதற்கும் அசையாவிட்டால் மெலமைன் அல்லது பியூ.

முடிவைத் துண்டுச் சீட்டில் எழுதிச் சாமானின் பின்புறம் ஒட்டி வைப்பது நல்லது. அடுத்து வீட்டைச் சுத்தம் செய்பவருக்கும், பத்து வருஷம் கழித்துப் பாலிஷ் போட வருபவருக்கும் அது உதவும்.

தூசி தட்டுவது

சாலையோர வீடுகளில் வந்து படியும் தூசியில் நுண்ணிய மணல் இருக்கும். உலர்ந்த துணியால் அழுத்தித் தேய்த்தால் அந்த மணல் பாலிஷை உரசி, நாளடைவில் மினுமினுப்பு மங்கிப்போகும். இறகுத் துடைப்பம் தூசியை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாற்றுமே தவிர எடுக்காது. பழைய பருத்தி வேட்டியைக் கிழித்த துணிதான் என் கணக்கில் முதலிடம், மைக்ரோஃபைபர் துணி அடுத்தது. துணியைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, கையால் தொட்டால் குளிர்ச்சி மட்டும் தெரியும் அளவு ஈரத்தில், ரேகை ஓடும் திசையிலேயே துடைக்க வேண்டும். வாரம் ஒரு முறை போதும். பழைய சட்டையைப் பயன்படுத்தினால் பொத்தானை முதலில் வெட்டி எறியுங்கள்.

செதுக்கு வேலை இருக்கும் கட்டில் தலைமாட்டுக்கும் ஊஞ்சல் பலகையின் ஓரங்களுக்கும் ஓர் அங்குலப் பெயின்ட் பிரஷ் வாங்கித் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். இடுக்கிலிருந்து தூசியை வெளியே தட்டிவிட்டு அப்புறம் துணி. இடுக்கில் ஈரத் துணியைத் திணித்தால் தூசி சேறாகி அங்கேயே உறைந்துவிடும்.

ஆண்டுக்கு இரண்டு முறை ஈரத் துடைப்பு

முழு வாளித் தண்ணீரும் சலவைத் தூளும் வேண்டாம். பாத்திரம் கழுவும் திரவச் சோப்பு அரை டீஸ்பூன், ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீர், அவ்வளவுதான். பாத்திரக் கட்டிச் சோப்பு, சலவைச் சோடா, ப்ளீச், பினாயில், பச்சை நிற ஸ்கிரப்பர், ஸ்டீல் நார் எதுவும் கூடாது.

தண்ணீரையும் கவனிக்க வேண்டும். போர்வெல் உப்புத் தண்ணீரில் துடைத்துவிட்டுக் காயவிட்டால் மரத்தின் மேல் வெள்ளைப் படிவம் நிற்கும். பாலிஷ் போய்விட்டது என்று பலர் பயந்துபோவது இதைப் பார்த்துத்தான். கடைசித் துடைப்புக்காவது குடிதண்ணீரோ ஆர்ஓ தண்ணீரோ எடுத்துக்கொள்ளுங்கள்.

செய்முறை:

1. முதலில் தூசி முழுவதையும் எடுத்துவிடுங்கள். இழுப்பறைகளைக் கழற்றி வெளியே வையுங்கள்.

2. சோப்புத் தண்ணீரில் துணியை முக்கி இறுகப் பிழியுங்கள். துணியிலிருந்து ஒரு சொட்டும் விழக் கூடாது.

3. ஒரு நேரத்தில் இரண்டு அடிப் பரப்பு மட்டும். துடைத்த உடனே வெறும் தண்ணீரில் பிழிந்த இரண்டாவது துணி, அதன் பின்னாலேயே உலர்ந்த மூன்றாவது துணி. தண்ணீர் ஒரு நிமிடத்துக்கு மேல் மரத்தின் மேல் நிற்க வேண்டாம்.

4. மின்விசிறிக் காற்றில் ஒரு மணி நேரம் விடுங்கள். வெயிலில் தூக்கி வைக்காதீர்கள். ஒரு பக்கம் மட்டும் சட்டென்று காய்ந்தால் பலகை வளையும்.

பார்ட்டிக்கிள் போர்டுக்கும் எம்டிஎஃபுக்கும் இன்னும் கவனம் தேவை. விளிம்பில் தண்ணீர் இறங்கி உப்பிவிட்டால் காய்ந்த பிறகும் பழைய நிலைக்குத் திரும்பாது. தரை துடைக்கும்போது மாப் பட்டுப் பட்டுத்தான் பல அலமாரிகளின் அடிப்பாகம் வீங்குகிறது. நாற்காலி, கட்டில் கால்களுக்கு ரப்பர் புஷ் மாட்டுங்கள். அலமாரியைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தும் சிறு கால்கள் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். தேக்குக் கட்டிலின் காலடி கறுத்துப்போவதற்கும் தினசரி மாப் தண்ணீர்தான் காரணம்.

எண்ணெய் தடவலாமா?

இந்தக் கேள்விக்கு நேரான பதில்: சமையல் எண்ணெய் எதுவும் வேண்டாம்.

எண்ணெய்களில் காயும் வகையும் காயாத வகையும் உண்டு. ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து கெட்டியான படலமாக மாறும். அதனால்தான் பெயின்டிலும் மரவேலையிலும் அதற்கு அத்தனை மதிப்பு. தேங்காய் எண்ணெயும் ஆலிவ் எண்ணெயும் காய்வதே இல்லை. நல்லெண்ணெய் இரண்டுக்கும் நடுவில், அரைகுறையாகக் காய்ந்து பிசுக்காக நிற்கும். பாலிஷ் படலம் இருக்கும் சாமானில் எந்த எண்ணெயும் உள்ளே போகாது. ‘மரத்துக்குச் சத்து கொடுக்கிறோம்’ என்ற எண்ணத்தில் படலத்தின் மேல் பிசுக்கைத்தான் பூசுகிறோம். எலுமிச்சைச் சாற்றையும் எண்ணெயையும் கலந்து தேய்க்கச் சொல்லும் குறிப்புகளுக்கும் இதே பதில்தான், கூடவே அமிலம் வேறு.

வெறும் மரமாக இருக்கும் ஊஞ்சல் பலகை, பெஞ்ச், தோட்டத்து நாற்காலிக்கு ஆளிவிதை எண்ணெய் போடலாம். பெயின்ட் கடையில் ‘டபுள் பாயில்டு லின்சீட் ஆயில்’ என்று கேளுங்கள். மெல்லத் தடவி, இருபது நிமிடம் ஊறவிட்டு, மேலே நிற்பதை முழுவதுமாகத் துடைத்தெடுத்து, ஒன்றிரண்டு நாள் காயவிட்டு, மறுபடியும் ஒரு முறை. இதில் உலர்வதற்கான உலோகச் சேர்மங்கள் கலந்திருப்பதால் சாப்பாடு படும் பலகைகளுக்குக் கூடாது.

ஓர் எச்சரிக்கை, விளையாட்டில்லை: ஆளிவிதை எண்ணெய் நனைந்த துணியைச் சுருட்டிக் குப்பைக் கூடையில் போட்டால் அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். எண்ணெய் காயும்போது வெளிவரும் வெப்பம் சுருட்டிய துணிக்குள் சேர்வதுதான் காரணம். வேலை முடிந்ததும் துணியை விரித்து வெளியில் தனித்தனியாகக் காயப் போடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி வையுங்கள்.

தேன்மெழுகு: வீட்டிலேயே செய்ய ஏற்றது

அரக்குப் பாலிஷ் உள்ள பழைய சாமானுக்கு ஆண்டுக்கு ஒரு முறை மெழுகு போடுவதைவிடச் சிறந்த பராமரிப்பு எனக்குத் தெரியவில்லை. தேன்மெழுகை நாட்டு மருந்துக் கடையில் கேட்டுப் பாருங்கள். 50 கிராம் மெழுகைத் துருவி, மூடியுள்ள கண்ணாடிப் பாட்டிலில் போட்டு, 150 முதல் 200 மில்லி டர்பன்டைன் ஊற்றி மூடி வைத்தால் ஒன்றிரண்டு நாளில் தானே கரைந்து வெண்ணெய்ப் பதத்துக்கு வரும். அடுப்பில் வைத்துச் சூடாக்கவே வேண்டாம். டர்பன்டைன் எளிதில் தீப்பற்றும்.

சாமானை ஈரத் துடைப்பு செய்து மறுநாள்வரை காயவிடுங்கள். பருத்தித் துணியில் ஒரு பட்டாணி அளவு மெழுகு எடுத்து வட்டமாகத் தேய்த்து, கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லப் பூசுங்கள். அரை மணி நேரம் கழித்து வேறு சுத்தமான துணியால் ரேகைத் திசையில் தேயுங்கள், துணி வழுக்கிக்கொண்டு போகும்வரை. கை வலிக்கும், பரவாயில்லை, மினுமினுப்பு அந்தத் தேய்ப்பில்தான் வருகிறது. மெழுகு அதிகமாகிவிட்டால் வெயில் காலத்தில் இளகிப் பிசுபிசுக்கும், கைரேகை பதியும்.

பியூ, மெலமைன், சன்மைக்காவுக்கு மெழுகு தேவையில்லை. கடையில் விற்கும் ஸ்பிரே பாலிஷ்களில் பலவற்றில் சிலிகோன் உண்டு. அது இடுக்குகளில் தங்கிவிட்டால் பிற்பாடு புதிய பூச்சு ஏற்றும்போது ஒட்டாமல் குழி குழியாக விலகும். பழைய தேக்குச் சாமானுக்கு அதைத் தவிர்த்துவிடுங்கள்.

கறைகள்

காப்பி டம்ளர் வைத்த வெள்ளை வளையம். வெள்ளை என்றால் ஈரம் பாலிஷ் படலத்துக்குள் மட்டும் மாட்டிக்கொண்டிருக்கிறது, மரத்துக்குப் போகவில்லை. இரண்டு நாள் சும்மா விட்டாலே சில மறைந்துவிடும். மறையாவிட்டால், நீராவியை நிறுத்திய இஸ்திரிப் பெட்டியை மிகக் குறைந்த சூட்டில் வைத்து, வளையத்தின் மேல் மடித்த பருத்தித் துணியைப் போட்டு, மூன்று நான்கு நொடி மட்டும் வைத்து எடுங்கள். துணியைத் தூக்கிப் பாருங்கள், தேவைப்பட்டால் மறுபடியும். அரக்கு, லேக்கர் இரண்டிலும் இது நன்றாக வேலை செய்யும். அதற்கும் போகாத வளையத்துக்கு வாசலினைத் தடவி இரவு முழுக்க விட்டுத் துடைக்கலாம். கடைசி வழி பெயின்ட் கடை ரப்பிங் காம்பவுண்டால் மெல்லத் தேய்ப்பது. அது மேல் படலத்தைக் கொஞ்சம் தேய்த்தெடுக்கும் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கறுப்பு வளையம் வேறு கதை. தண்ணீர் படலத்தைத் தாண்டி மரத்தில் இறங்கி, மரத்திலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் இரும்போடு சேர்ந்து கறுத்திருக்கிறது. ஈர இரும்புச் சட்டி, துருப்பிடித்த ஆணி, பூந்தொட்டியின் அடித்தட்டு எல்லாம் இதற்குக் காரணமாகும். அந்த இடத்தின் பாலிஷை எடுத்துவிட்டு ஆக்சாலிக் அமிலக் கரைசல் தடவினால் போகும். ஆனால் அது நச்சு. குழந்தைகள் உள்ள வீட்டில் பாலிஷ் வேலை செய்பவரிடமே விட்டுவிடுவது மேல்.

மஞ்சள் கறை நம் வீடுகளுக்கே உரியது. காரச் சோப்போ சலவைச் சோடாவோ பட்டால் மஞ்சள் சிவந்துபோகும். குங்குமம் செய்ய மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ப்பது இந்தக் குணத்தை வைத்துத்தான். உலர்ந்த தூளை முதலில் பிரஷ்ஷால் எடுங்கள், பிறகு மென்மையான திரவச் சோப்பு. மிச்சமிருக்கும் மஞ்சள் நிறத்தை வெளிச்சமே அழித்துவிடும். ஜன்னல் வெளிச்சம் படும்படி சில நாள் வையுங்கள். குங்குமத்தையும் விபூதியையும் ஈரத் துணியால் தொடவே கூடாது, கரைந்து ரேகைக்குள் இறங்கிவிடும். உலர்ந்த பிரஷ்தான். பூஜை அலமாரியில் சின்னப் பித்தளைத் தட்டை வைத்துவிட்டால் பாதிப் பிரச்சினை இல்லை.

விளக்கு எண்ணெய், அடுக்களைப் பிசுக்கு, ஈசி சேரில் தலை சாயும் இடத்தில் படியும் தலை எண்ணெய் மூன்றுக்கும் ஒரே மருந்து, பெயின்ட் கடையில் எம்டிஓ என்று கேட்டால் தரும் மினரல் டர்பன்டைன். துணியில் நனைத்துத் துடைத்தால் பிசுக்கு கரைந்து வரும். நன்கு உலர்ந்த அரக்குப் பாலிஷையும் அது கரைக்காது, இருந்தாலும் மறைவிடத்தில் ஒரு முறை பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். அப்புறம் சோப்புத் துடைப்பு. ஜன்னல்களைத் திறந்து வையுங்கள், வாசனை முழுவதும் போகும்வரை அந்த இடத்தில் விளக்கோ கற்பூரமோ ஏற்ற வேண்டாம். விளக்குக்கு மேல் தட்டில் படிந்த கரியை மட்டும் ஈரமில்லாத ஸ்பாஞ்சால் ஒற்றி எடுங்கள். ஈரம் பட்டால் கரி பரவும்.

கண்ணாடி பீரோவில் ஒட்டிய ஸ்டிக்கர் பொட்டு, குழந்தைகள் ஒட்டிய படங்கள் ஆகியவற்றின் பசைக்கு மட்டும் தேங்காய் எண்ணெய் நல்லது. ஒரு சொட்டு வைத்துப் பத்து நிமிடம் ஊறவிட்டு, நகத்தால் தள்ளி, சோப்புத் துணியால் எண்ணெயை முழுவதும் துடைத்துவிடுங்கள். உருகிய மெழுகுவத்தி விழுந்திருந்தால் ஐஸ் கட்டியைப் பிளாஸ்டிக் பையில் போட்டு மேலே வைத்து, இறுகியதும் பழைய ஏடிஎம் அட்டையால் நெம்பி எடுக்கலாம். பால் பாயின்ட் பேனாக் கிறுக்கல் சன்மைக்காவில் இருந்தால் ஸ்பிரிட் போதும். அரக்குப் பாலிஷில் இருந்தால் ஸ்பிரிட்டைத் தொடாதீர்கள், மையோடு பாலிஷும் வந்துவிடும்.

மேலோட்டமான கீறலுக்கு அதே நிற ஷூ பாலிஷோ மெழுகுக் குச்சியோ தடவித் துடைத்தால் கண்ணுக்குத் தெரியாது.

ஐப்பசி, கார்த்திகை

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இழுப்பறை இறுகிக்கொள்வதும் கதவு உரசுவதும் எல்லா வீட்டிலும் நடப்பது. மரம் காற்றின் ஈரத்தை வாங்கிக்கொண்டும் விட்டுக்கொண்டும் இருக்கும். காற்றின் ஈரப்பதம் 50 சதவீதமாக இருக்கும்போது மரத்துக்குள் நீர் சுமார் 9 சதவீதம், 80 சதவீதமானால் சுமார் 16. இந்த மாற்றத்தில் பலகை அகலவாக்கில் உப்பும், நீளவாக்கில் ஏறக்குறைய மாறாது.

எனவே ஐப்பசியில் இறுகிய இழுப்பறையை இழைக்கச் சொல்லி ஆசாரியைக் கூப்பிடாதீர்கள். சித்திரையில் அது லொடலொடவென்று ஆடும். ஓடும் விளிம்பில் மெழுகுவத்தியைத் தேய்த்துவிட்டுப் பொறுத்திருங்கள். கோடையிலும் இறுகியே இருந்தால் மட்டும் இழைக்கலாம்.

அலமாரியின் பின்புறம் சுவரில் ஒட்டியிருந்தால் அங்கேதான் பூஞ்சை முதலில் வரும். மூன்று விரல் இடைவெளியாவது விடுங்கள். ஓதம் ஏறும் சுவர் என்றால் அந்தப் பக்கம் மரம் வேண்டவே வேண்டாம். மழை விட்ட பகல்களில் கதவுகளைத் திறந்து மின்விசிறியைப் போட்டு வையுங்கள். ஈரம் முழுவதும் காயாத துணியை மடித்து உள்ளே அடுக்காதீர்கள். பூஞ்சை வந்துவிட்டால் முகக்கவசம் போட்டு, சாமானை வெளியே நகர்த்தி, இறுகப் பிழிந்த துணியால் ஒரே திசையில் துடைத்து, துணியை ஒவ்வொரு முறையும் மடித்துக்கொள்ளுங்கள். பாலிஷ் இல்லாத உட்பக்கத்தை ஸ்பிரிட்டால் துடைத்துக் காற்றில் உலரவிடலாம். இடத்தின் ஈரத்தைக் குறைக்காமல் துடைத்துக்கொண்டே இருந்தால் அது திரும்ப வரும்.

ஏசி அறையில் எதிர்ப் பிரச்சினை. குளிர்ந்த வறண்ட காற்று நேராக அடிக்கும் இடத்தில் பழைய கட்டிலைப் போட்டால் மூட்டுகள் சுருங்கி ஆட்டம் காணும், பலகையில் வெடிப்பு விடும். காற்று வீசும் திசையை மாற்றி வைத்தாலே போதும்.

கரையான், உளுப்பு

பூச்சி விஷயத்தில் எது வந்திருக்கிறது என்று அறிவதுதான் பாதி வேலை.

சுவரிலோ மரத்தின் காலிலோ மண் கோடு ஏறியிருந்தால் நிலத்துக் கரையான். அதன் புற்று மண்ணில் இருக்கிறது, உங்கள் சாமானுக்குச் சாப்பிட மட்டுமே வருகிறது. சாமானுக்கு மட்டும் மருந்து அடித்துப் பயனில்லை. மண் கோட்டை உடனே தட்டிவிடாமல், பூச்சிக் கட்டுப்பாட்டுக்காரர் பார்க்கும்வரை விட்டு வையுங்கள். அது எங்கிருந்து ஏறுகிறது என்று காட்டும் தடயமே அந்தக் கோடுதான். வாசற்கால், ஜன்னல் சட்டம், சுவரோர அலமாரியின் முதுகு மூன்றையும் தட்டிப் பாருங்கள், பொள்ளல் சத்தம் வந்தால் உள்ளே தின்றிருக்கிறது.

மண் கோடு இல்லாமல், தரையில் கசகசா போல உருண்டைகள் கொட்டியிருந்தால் அது உலர்மரக் கரையான். மரத்துக்குள்ளேயே குடும்பம் நடத்தும் வகை. பூதக்கண்ணாடியில் பார்த்தால் ஒவ்வொரு மணியும் ஆறு பட்டையாக இருக்கும். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் துளைகளும் அவற்றின் அடியில் மிக மெல்லிய மாவும் இருந்தால் உளுப்பு வண்டு. மாவுச்சத்து நிறைந்த ரப்பர் மரம், மா, மூங்கில், தேக்கிலும்கூட வெளிர்ந்த புறப்பகுதி ஆகியவை இதற்குப் பிடிக்கும். வைரம் பாய்ந்த தேக்கை அது அநேகமாகத் தொடாது. பழைய தேக்கு வாங்கும்போது வெள்ளைப் பட்டை ஓடுகிறதா என்று பார்க்கச் சொல்வதன் பொருள் இதுதான்.

துளையைப் பார்த்ததும் பதற வேண்டாம், அது பல வருஷம் முன்பு வண்டு வெளியேறிய துளையாகவும் இருக்கலாம். துளைகளை மெழுகால் அடைத்து, கீழே கறுப்புத் தாளை விரித்து, இரண்டு வாரம் பாருங்கள். புது மாவு விழுந்தால் உள்ளே உயிர் இருக்கிறது. அப்படியானால் பெயின்ட் கடையில் கிடைக்கும் மரக் காப்பு மருந்தைக் கையுறை, முகக்கவசத்தோடு வெளியிடத்தில் வைத்து ஊசிக் குழலால் துளைகளில் செலுத்தி, துளையை மெழுகால் அடைத்துவிடலாம். குழந்தைத் தொட்டிலுக்கும் விளையாட்டுச் சாமானுக்கும் இந்த மருந்து வேண்டாம்.

வெயிலில் போட்டால் பூச்சி சாகும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. பன்னாட்டு மரப்பெட்டி விதிமுறைப்படி பூச்சியைக் கொல்ல மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரி செல்சியஸை எட்டி 30 நிமிடம் நீடிக்க வேண்டும். கனமான கட்டில் காலின் உட்பகுதி நம் மொட்டை மாடி வெயிலிலும் அந்தச் சூட்டை எட்டும் என்று நம்ப முடியாது, அதற்குள் பாலிஷ் வெடித்துவிடும். வேப்பெண்ணெயும் மேலே நிற்குமே தவிர உள்ளே இருக்கும் புழுவரை போகாது.

பிரம்பும் மூட்டும்

தொய்ந்துபோன பிரம்புப் பின்னலை மாற்றும் முன் ஒன்று செய்து பாருங்கள். நாற்காலியைக் கவிழ்த்து, பின்னலின் அடிப்பக்கத்தை மட்டும் வெந்நீரில் நனைத்த துணியால் நன்றாக ஈரப்படுத்தி, நிழலில் ஒரு நாள் காயவிடுங்கள். பிரம்பின் மேல்தோல் தண்ணீரை விடாது, அடிப்பக்கம்தான் உறிஞ்சும். காயும்போது சுருங்கிப் பின்னல் மீண்டும் இறுகும். அறுந்த இழை இருந்தால் மட்டும் பின்னுபவரைத் தேடுங்கள்.

ஆடும் நாற்காலிக்கு ஆணி அடிக்காதீர்கள். ஆணி மரத்தைப் பிளக்கும், மூட்டை இன்னும் தளர்த்தும், பின்னால் கழற்றவும் விடாது. பழைய சாமான்களில் விலங்குத் தோல், எலும்பிலிருந்து காய்ச்சும் வஜ்ரப் பசை இருக்கும். வெந்நீர்த் துணி வைத்தால் இளகிச் சுரண்ட வரும். மூட்டைக் கழற்றிப் பழைய பசையை முழுவதும் எடுத்துவிட்டுப் புது மரப்பசை தடவி, கயிற்றைச் சுற்றி நடுவில் ஒரு குச்சி செருகி முறுக்கி இறுக்கி, 24 மணி நேரம் யாரையும் உட்கார விடாமல் வையுங்கள். பழைய பசைமேல் புதுப் பசை பிடிக்காது. போல்ட் வைத்த புதிய சாமான்களுக்கு வருஷம் ஒரு முறை ஆலன் கீயால் இறுக்கிவிட்டால் சரி. ஊஞ்சலின் கொக்கியையும் சங்கிலி வளையங்களையும் அப்போதே தேய்மானம் பாருங்கள்.

மறுபடி பாலிஷ்

அரக்குப் பாலிஷ் மங்கிவிட்டது என்பதற்காக உப்புத்தாள் எடுத்துத் தேய்க்க வேண்டியதில்லை. புதிய அரக்கு பழையதைச் சற்றுக் கரைத்து அதனோடு ஒன்றாகிவிடும். அதுதான் இந்தப் பாலிஷின் பெருமை. நூறு கிராம் அரக்குச் செதில்களை ஒரு லிட்டர் டீநேச்சர்டு ஸ்பிரிட்டில் இரவு முழுக்க ஊற வைத்து, மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். பஞ்சை வேட்டித் துணியில் பொதிந்து கரைசலைத் தொட்டு, ரேகையோடு நீளமாக, ஓரிடத்தில் நிறுத்தாமல் இழுங்கள். ஒரு மணி நேர இடைவெளியில் மூன்று நான்கு பூச்சு. கரைத்த அரக்கு ஆறு மாதத்துக்கு மேல் பழசானால் சரியாகக் காயாது, தேவைக்கு மட்டும் கரையுங்கள். மழை நாளில் இந்த வேலை ஆகாது. காற்றின் ஈரம் படலத்தில் மாட்டி வெள்ளை பூத்துவிடும். தை முதல் பங்குனி வரை நல்ல காலம்.

பியூவும் மெலமைனும் உரிந்தால் வீட்டில் சரிசெய்வது கடினம், பாலிஷ்காரர் வேண்டும். அவர் இயந்திரம் வைத்துத் தேய்க்கும் முன் வெனீரா முழு மரமா என்று நீங்களே சொல்லிவிடுங்கள். வெனீர் பெரும்பாலும் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது, ஒரு நிமிடத்தில் அடிப்பலகை தெரிந்துவிடும். பெயின்ட் அடித்த பழைய தொட்டில், பெஞ்ச், கதவு ஆகியவற்றை உலர்ந்த நிலையில் தேய்க்க விடாதீர்கள். இந்தியாவில் வீட்டுப் பெயின்டில் ஈயத்தை 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) அளவுக்குக் கட்டுப்படுத்தும் விதி நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில்தான். அதற்கு முந்தைய பெயின்டின் தூளில் ஈயம் இருக்கக்கூடும், குழந்தைகளுக்கு அது பெரும் கேடு. ஈரப்படுத்திச் சுரண்டுவது, தூளை நனைத்துத் துடைப்பது, குழந்தைகளை அந்தப் பக்கம் விடாமலிருப்பது மூன்றும் கட்டாயம்.

புதுப் பாலிஷ் போட்ட டைனிங் டேபிளுக்குக் குறைந்தது இரண்டு வாரம் விரிப்பு போடாமல் மெதுவாகப் புழங்குங்கள். பிவிசி பிளாஸ்டிக் விரிப்பை எப்போதுமே போட வேண்டாம். அதை வளையும்படி செய்யச் சேர்க்கும் எண்ணெய்ப் பொருள் கசிந்து பாலிஷை இளக்கி, விரிப்பைப் பிடுங்கும்போது பாலிஷும் சேர்ந்து வரும். பருத்தி விரிப்பு போடுங்கள், சூடான பாத்திரத்துக்குக் கீழே கோரைப் பாயில் பின்னிய தட்டு வையுங்கள். கண்ணாடி போடுவதென்றால் நான்கு மூலையிலும் சிறு ரப்பர் குமிழ் ஒட்டி, கண்ணாடிக்கும் மரத்துக்கும் நடுவில் காற்று ஓட இடம் விடுங்கள்.